மாமனாரின் ஹெரால்டு, மகனின் தார்: குழந்தைக்கு எது பத்திரம்?

"கார் சமாசாரமா? அது ஆம்பளைங்க விஷயமாச்சே!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! வீட்டுக்குக் கார் வாங்கும்போது என்ஜின், மைலேஜ், டயர், தவணை எல்லாவற்றையும் ஆண்கள் பேசி முடித்து விடுவார்கள். கடைசியில் நம்மிடம் வந்து, "என்ன கலர் வாங்கலாம்?" என்று மட்டும் கேட்பார்கள். ஆனால் அந்தக் காரில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காலடியில் பால்புட்டிப் பையும், பக்கத்தில் வாந்தி எடுக்கும் மூத்த பிள்ளையுமாகப் பின் ஸீட்டில் உட்காரப் போவது யார்? நாம்தானே! ஆகவே கலரோடு நிறுத்திக் கொள்ளாமல், நாமும் நாலு கேள்வி கேட்டு வைப்பது நல்லது.

ஒரு வீட்டு வழக்கு

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. கோழிப் பண்ணைகளும் மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த ஊர். கொல்லிமலை அதோ, கூப்பிடு தூரத்தில் நிற்கும். அங்கே தோட்டத்து வீட்டில் இருக்கும் எங்கள் தூரத்து உறவுக் குடும்பம் ஒன்றில் சமீபத்தில் ஒரு வழக்கு. மாமனார் பல வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்து வருவது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். மகனுக்கு ஆசை, நான்கு சக்கரமும் இழுக்கும் மகிந்திரா தார். நடுவில் மருமகள். மூன்று வயதில் ஒரு பெண், ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை.

"அந்தக் காலத்து இரும்பு அம்மிணி! எது வந்து மோதினாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்பது மாமனார் கட்சி.

"நல்ல உசரமான வண்டிங்கப்பா. பள்ளம், மேடு, சேறு எதுக்கும் அசையாது" என்பது மகன் கட்சி.

மருமகள் இரண்டையும் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: "ஏனுங்க மாமா, ரெண்டு பேரும் வண்டிக்கு என்ன ஆகும்னுதான் பேசறீங்க. உள்ளே உக்காந்திருக்கற குழந்தைக்கு என்ன ஆகும்னு யாராச்சும் சொல்லுங்களேன்!"

பலே! கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குப் பதில் தேடுமுன் இந்த இரண்டு வண்டிகளின் ஜாதகத்தையும் கொஞ்சம் பார்த்து விடுவோம்.

ஜி.எஸ்.டி. சாலையில் பிறந்த இரண்டு பேர்

வெளிநாட்டுக்காரர்கள் 'கூப்பே' என்று ஒரு வகைக் காரைச் சொல்வார்கள். 'வெட்டப்பட்டது' என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் அது. இரண்டே கதவு, பின்புறம் தழைந்து இறங்கும் கூரை, முன்னால் இருவர் சொகுசாகப் போவதற்கான வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தபோது கூப்பே, சலூன் என்று இரண்டு உருவத்தில் வந்தது. உருவம் தந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். முன் மூடி மட்டுமல்லாமல், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தபடி என்ஜினைப் பார்க்கலாம்!

இந்த ஹெரால்டு 1961-ல் சென்னைக்கு வந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் இரண்டு கதவு சலூனாகத் தயாராயிற்று. அம்பாஸிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள் இருந்த காலம் அது. மூன்றில் கச்சிதமானது, அழகானது ஹெரால்டு.

தாருக்கு வருவோம். நாற்பதுகளின் கடைசியில் ஜீப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா கம்பெனியின் பேரப்பிள்ளை அது. முதல் தார் 2010-ல் வந்தது. இப்போது தெருவில் நாம் பார்க்கிற புதிய உருவம் 2020 அக்டோபர் 2-ல் வந்தது. வண்டி தயாராவது மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் என்றாலும், என்ஜினீயர்கள் அதை உருவாக்கியது செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில். அதுவும் அதே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித்தான்! ஆக, தாத்தாவும் பேரனும் ஒரே தெருக்காரர்கள்.

பார்வைக்குப் பூதம், நீளத்தில் அண்ணன் தம்பி

தாரைப் பார்த்தால் பூதம் போலத் தெரிகிறது. ஹெரால்டோ அதன் பக்கத்தில் பொம்மை. ஆனால் டேப் வைத்து அளந்தால் ஆச்சரியம்! ஹெரால்டின் நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர். தாரின் நீளம் 3.985 மீட்டர். வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. அகலத்தில்தான் ஒரு அடி வேற்றுமை: அது 1.5 மீட்டர், இது 1.82 மீட்டர். உயரத்தில் அது 1.3 மீட்டர், இது 1.85 மீட்டர். எடை, அது சுமார் 800 கிலோ; இது அதைப் போல இரண்டு மடங்கு.

இன்னொரு ஒற்றுமை நாமக்கல்காரர்களுக்குச் சட்டென்று புரியும். லாரிக்குச் சேஸிஸ் தனியாக வந்து, இங்கே பட்டறையில் அதன் மேல் பாடி கட்டுகிறார்கள் அல்லவா? ஹெரால்டும் தாரும் அந்த ஜாதிதான். அடியில் தனிச் சேஸிஸ், அதன் மேல் பாடி. இன்று பெரும்பாலான கார்கள் அப்படி இல்லை.

ஹெரால்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. முன்சக்கரம் நன்றாகவே ஒடியும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பி விடும். தார் இந்த விஷயத்தில் அதனிடம் தோற்றே ஆக வேண்டும்.

புடவையோடு ஏறுவது எப்படி?

இரண்டு வண்டிக்கும் ஆட்கள் ஏற இரண்டே கதவு. பின் ஸீட்டுக்குப் போக முன் ஸீட்டைச் சாய்த்து, இடுக்கில் நுழைய வேண்டும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் புடவைக் கொசுவம், தலை இடிக்காமல் குனிதல். சர்க்கஸ்தான்!

ஹெரால்டில் இறங்கி உட்கார்வது சுலபம். தாழ்ந்த ஸீட்டிலிருந்து எழுந்திருப்பதுதான் கஷ்டம். தாரில் நேர்மாறு. தரைக்கும் வண்டி அடிக்கும் இடையே 226 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்பது அங்குல இடைவெளி. மூட்டுவலி உள்ள மாமியாருக்கு ஏறுவதே ஒரு மலை. கர்ப்பிணிகள் காலை அகட்டித் தாண்டி ஏறக் கூடாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதலில் படியில் நின்று, பிறகு மெதுவாக உட்கார வேண்டும்.

ஹெரால்டு வந்த காலத்திலேயே நம் பெண்கள் இந்தக் குறையைச் சொன்னார்கள் போலிருக்கிறது! இங்கிலாந்தில் கடைசிவரை இல்லாத நான்கு கதவு ஹெரால்டை, அறுபதுகளின் கடைசியில் சென்னைக் கம்பெனி நமக்கென்றே செய்தது. தாரின் கதையும் அதே போலத்தான். 2020-ல் இரண்டு கதவோடு வந்தது. 2024 ஆகஸ்டில் 'ராக்ஸ்' என்ற பெயரில் பின் ஸீட்டுக்குத் தனிக் கதவுகளோடு ஒரு தார் வந்தது. குடும்பம் ஏறும் வண்டிக்குப் பின் கதவு வேண்டும் என்பதை இரண்டு தலைமுறையும் தாமதமாகத்தான் புரிந்து கொண்டிருக்கிறது.

எருமப்பட்டி மருமகள் செய்த காரியத்தை நீங்களும் செய்யலாம். ஷோரூமுக்குக் கணவரை மட்டும் அனுப்பாமல், மாமியாரையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். "அத்தை, நீங்க ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டுங்க" என்றாள். மாமியார் பின் ஸீட்டுக்குள் போவதற்குள், "இதுல கோயிலுக்குப் போறதுக்கு நான் நடந்தே போயிடுவேன் கண்ணு" என்று சொல்லிவிட்டார். இரண்டு கதவுப் பேச்சு அங்கேயே முடிந்தது!

நாலு சக்கர இழுவை யாருக்கு?

சாதாரணக் காரில் என்ஜினின் பலம் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஹெரால்டில் பின்சக்கரங்களுக்கு. தாரில் ஒரு தனி லீவர் இருக்கிறது. அதைத் தள்ளினால் நான்கு சக்கரங்களுக்கும் பலம் பாயும். சேற்றில் இரண்டு சக்கரம் சுழன்றால் மற்ற இரண்டும் வண்டியை வெளியே இழுத்து விடும். மழைக்காலத்தில் மரவள்ளிக் காட்டு வண்டித் தடத்தில் இது பெரிய வரம்.

ஆனால் தார் ரோட்டில்? காய்ந்த சாலையில் இந்த லீவரைப் போட்டு ஓட்டவே கூடாது. வளைவில் முன்சக்கரம் ஒரு தூரமும் பின்சக்கரம் வேறு தூரமும் ஓடும். இரண்டையும் கட்டிப் போட்டால் டயர் தேயும், பற்சக்கரங்கள் முறுக்கிக் கொள்ளும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி 18-க்கு வல்வில் ஓரி விழா பார்க்கப் போகும் குடும்பத்துக்கு அங்கே வேண்டியது நாலு சக்கர இழுவை அல்ல. பொறுமையும் தாழ்ந்த கியரும்தான். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும்.

வளைவில் இரண்டு வண்டிக்குமே ஒரு பலவீனம் உண்டு. ஹெரால்டின் பின் அச்சு நடுவில் கீல் போல ஆடுவது. வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். தாரோ உயரமான வண்டி. உயரமானது எதுவும் சட்டென்று திருப்பினால் சாயப் பார்க்கும். இப்போதைய வண்டியில் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் காவல் இருக்கிறது என்றாலும், வளைவில் முந்தச் சொல்லி யாரும் தூண்டாதீர்கள்.

குழந்தைக்கு மலைப் பாதையில் வாந்தி வராமலிருக்க வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். புத்தகம், செல்போன் வேண்டாம். நேரே முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள்.

முட்டையும் எவர்சில்வர் டப்பாவும்

மாமனாரின் 'இரும்பு' வாதத்துக்கு வருவோம். நாமக்கல் பெண்களுக்கு முட்டை உதாரணம் போதும். நல்ல கெட்டி எவர்சில்வர் டப்பாவில் நாலு முட்டையைப் போட்டு, மூடி, கீழே போடுங்கள். டப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டை? அதே முட்டை அட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்து, லாரியில் கேரளா வரை உடையாமல் போகிறது. தட்டு மெத்தென்று அடியை வாங்கிக் கொள்கிறது. குழி முட்டையை நகர விடுவதில்லை.

புதுக் கார்களின் சூட்சுமமும் இதுதான். முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கும்படி கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். குழி செய்யும் வேலையை ஸீட் பெல்ட் செய்கிறது. வேடிக்கை பாருங்கள், ஹெரால்டு பிறந்த அதே 1959-ல்தான் ஸ்வீடனில் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் என்ற என்ஜினீயர், தோளிலும் இடுப்பிலும் பிடிக்கும் இன்றைய பெல்ட்டைக் கொடுத்தார். அந்தக் கம்பெனி அதை எல்லோரும் செய்து கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. நம் ஊரில் முன் ஸீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1994-ல். அதற்கு முந்திய ஹெரால்டில் பெல்ட்டும் இல்லை, காற்றுப் பையும் இல்லை.

தாரை 2020-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு மோதிப் பார்த்துச் சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கும் 4. ராக்ஸுக்கு 2024-ல் பாரத் என்கேப் சோதனையில் இரண்டிலும் 5. இங்கே மகன் கட்சிக்குத்தான் வெற்றி, சந்தேகமில்லை.

ஆனால் பொறுங்கள்! அந்த நட்சத்திரம் பெல்ட் போட்ட பொம்மைகளுக்குக் கிடைத்தது. பெல்ட் போடாத குழந்தைக்கு அது சொந்தமல்ல. 2022 செப்டம்பர் 4-ம் தேதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பயணம் செய்தது விலை உயர்ந்த மெர்சிடிஸ் எஸ்.யு.வி. வண்டியில். மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே பாலத்துச் சுவரில் மோதியது. முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின் ஸீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மிஸ்திரி. பின் ஸீட்டுக்குப் பெல்ட் எதற்கு என்பவர்களுக்கு இதற்கு மேல் பாடம் வேண்டுமா?

மடி பத்திரமா?

"என் மடியைவிடப் பத்திரமான இடம் என் குழந்தைக்கு எது?" என்று கேட்கத் தோன்றும். வீட்டுத் திண்ணையில் அது சரி. ஓடும் காரில் சரியல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அரை மீட்டருக்குள் வண்டி நின்றால், 8 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 160 கிலோ போல இழுக்கும். நிறைந்த காஸ் சிலிண்டர் ஐந்தைச் சேர்த்து யாராவது கையில் பிடிக்க முடியுமா? நாம் பெல்ட் போடாவிட்டால் இன்னும் மோசம். நம் எடையே குழந்தையை நசுக்கி விடும். ஒரே பெல்ட்டை இருவருக்குமாகச் சுற்றிக் கொள்வதும் அதே ஆபத்துதான்.

ஆகவே குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும். முறை இதுதான்:

- பிறந்தது முதல், குறைந்தது 15 மாதம் வரை, முடிந்தால் 2 வயதுக்கு மேலும், வண்டியின் பின்பக்கம் பார்த்த இருக்கை. குழந்தையின் தலை கனம், கழுத்து மென்மை. மோதும்போது முதுகு முழுவதும் அடியைப் பகிர்ந்து கொள்ளும்.
- அதற்குப் பிறகு, சுமார் 4 வயது வரை, தனிப் பட்டைகள் கொண்ட முன்பக்கம் பார்த்த இருக்கை.
- அதன் பின் உயரம் சுமார் 145 செ.மீ. வரும்வரை, 'பூஸ்டர்' என்ற உயர்த்தும் இருக்கை. காரின் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் படியும்.
- பின்பக்கம் பார்த்த இருக்கையைக் காற்றுப் பை உள்ள முன் ஸீட்டில் ஒருநாளும் வைக்கக் கூடாது. பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.
- பழைய ஜீப்புகளில் எதிரெதிராக உட்காரும் பக்கவாட்டுப் பெஞ்சில் குழந்தைகளை உட்கார வைக்கக் கூடாது.

புதிய தாரின் பின் ஸீட்டில் இந்த இருக்கையை நேரடியாகக் கொளுவும் 'ஐஸோஃபிக்ஸ்' கொக்கிகள் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், பல லட்சம் கொடுத்து வண்டி வாங்குகிறவர்கள் சில ஆயிரத்தில் கிடைக்கும் இருக்கையில் கணக்குப் பார்க்கலாமா?

கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே தொடையெலும்பை ஒட்டி, தோள்பட்டை மார்பின் நடுவே. வயிற்றின் மேல் குறுக்கே வரக் கூடாது.

வாசலிலும் ஆபத்து உண்டு

உயரமான வண்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதன் நீண்ட முன்மூடிக்குக் கீழே நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பின்னாலும் அப்படியே. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் பின்னால் தடங்கல் இருந்தால் கூவும் கருவி கட்டாயம் என்றாலும், அதை மட்டும் நம்பக் கூடாது. தோட்டத்து வீடுகளில் களமும் வாசலும் குழந்தைகள் விளையாடும் இடம். வண்டியை எடுக்குமுன் குழந்தை யார் கையில் என்று ஒருவர் கண்ணால் பார்த்து, "எடுக்கலாம்" என்று குரல் கொடுக்கும் பழக்கம் வேண்டும்.

நிற்கும் வண்டிக்குள் ஒளிந்து விளையாடவும் விடாதீர்கள். வெயிலில் மூடிய காரின் உட்சூடு பத்தே நிமிஷத்தில் 10 டிகிரி ஏறிவிடும். பழைய ஹெரால்டோ, புதுத் தாரோ, சாவியைக் குழந்தை கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.

பழையதை என்ன செய்வது?

அதற்காக மாமனாரின் ஹெரால்டைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வேனா? மாட்டேன்! 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாத கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம். அப்படி விண்டேஜ் என்று பதிந்த வண்டியை அன்றாடச் சவாரிக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு எடுக்கலாம்.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய்களை அது அரித்து விடும். குழாய்களை மாற்றி, கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். பெட்ரோல் வாசனை வந்தால் குழந்தைகளை உள்ளே ஏற்றாதீர்கள். பெல்ட் பொருத்த ஆசைப்பட்டால், தகட்டில் வெறும் துளை போட்டு மாட்டுவது வீண். முட்டுக் கொடுத்து உறுதியாகப் பிடிக்க வேண்டும். அது ஆகும்வரை பேரக் குழந்தைகளுக்கு ஹெரால்டு ஓடாத நேரத்தில் உட்கார்ந்து பார்க்கிற வண்டியாகவே இருக்கட்டும்.

ஷோரூமில் கேட்க ஏழு கேள்வி

1. பின் ஸீட்டில் ஒவ்வொருவருக்கும் மூன்று முனைப் பெல்ட் உண்டா?
2. குழந்தை இருக்கை மாட்டும் கொக்கி எங்கே? மாட்டிக் காட்டுங்கள்.
3. மோதல் சோதனையில் குழந்தைகளுக்கு எத்தனை நட்சத்திரம்?
4. பின் ஸீட்டுக்குத் தனிக் கதவு உண்டா?
5. பெரியவர்கள் ஏறப் படியும் கைப்பிடியும் உண்டா?
6. நாலு சக்கர இழுவை நமக்கு வருஷத்தில் எத்தனை நாள் தேவைப்படும்?
7. டீசல், டயர், இன்ஷூரன்ஸ் சேர்த்து மாதம் எவ்வளவு?

கடைசிக் கேள்விக்குப் பதில் பயமுறுத்தினால், சின்னக் காரே போதும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். நல்ல நட்சத்திரம் வாங்கிய சின்னக் காரில் எல்லோரும் பெல்ட் போட்டுப் போவது, பெல்ட் போடாமல் பெரிய வண்டியில் போவதைவிட எவ்வளவோ மேல். இந்த ஏழுக்கும் பதில் கிடைத்த பிறகு, கலரைப் பற்றிப் பேசலாம்!